பழம் வேகும் நேரம்

ஆப்பிளின் காம்பைச் சுற்றிக் கத்தியை இறக்கினாள் ரத்தினம்மாள். கத்தி அடிவரைக்கும் போகக் கூடாது. அடி ஓட்டையாகிவிட்டால் உள்ளே வைக்கிற வெல்லமும் வெண்ணெயும் ஒழுகிக் கருகிப்போகும். விதைப் பகுதியை மட்டும் தோண்டி எடுத்துவிட்டுப் பழத்தைக் கிண்ணம் மாதிரி நிறுத்த வேண்டும். புருஷன் தணிகாசலம் இதைச் செய்யும்போது எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறாள். தன் கையால் செய்வது இதுதான் முதல் தடவை. இதைச் செய்து அவர் வாயில் ஒரு கரண்டி ஊட்டிவிட்டால் அவர் நிம்மதியாகச் செத்துப்போவார் என்பதற்காகத்தான் வீட்டில் எல்லோரும் சேர்ந்து அவளை அடுப்படியில் உட்கார வைத்திருந்தார்கள்.

நடு அறையிலிருந்து அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. இழுத்து, நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசித்து, மறுபடியும் இழுக்கிற மூச்சு. ஒவ்வொரு தடவை அது நின்றபோதும் ரத்தினம்மாளின் கத்தியும் நின்றது.

"ஆச்சா?" என்று கூடத்திலிருந்து கேட்டாள் ஓரகத்தி கௌரியம்மாள்.

"ஆயிகினே இருக்குதுக்கா."

"மசமசன்னு பண்ணாத. பொழுது போய்கினே இருக்குது."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. திருத்தணியில் மலைக்கு வருகிற கூட்டம் ஒன்று. இழுத்துக்கொண்டிருக்கிற வீட்டு வாசலில் வந்து உட்காருகிற கூட்டம் இன்னொன்று. இரண்டாவது கூட்டத்துக்குத் திருவிழா, கிருத்திகை என்று கணக்கெல்லாம் கிடையாது. வெற்றிலைப் பையோடு வந்து உட்கார்ந்து யுத்தம், புழுத்த அரிசி, ரேஷன் சர்க்கரை என்று பேசுவார்கள். நடுவில் ஒருத்தர் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்குது" என்று சொல்லி உட்காருவார். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். அன்றைக்கு அவர்களுக்குப் பேச ஆப்பிள் கிடைத்திருந்தது. பழக்கடை சத்தார் காலை வண்டியில் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கி, வைக்கோலில் சுற்றிய ஆப்பிள்களை நேராக இந்த வீட்டில் கொண்டுவந்து கொடுத்ததைத் தெருவே பார்த்தது. அந்த ஊரில் யாரும் ருசிக்காக ஆப்பிள் வாங்கியதில்லை. ஒரு வீட்டுக்கு ஆப்பிள் போகிறதென்றால் டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம்.

பக்கத்துச் சந்தில் பச்சை மூங்கில் வெட்டி வந்து கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே வேலமுள் ஒரு கட்டு கிடந்தது. மூங்கில் எதற்கு என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முள் வேறு சமாசாரம்.

அன்றைக்குத் திருவோணம். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் அவிட்டம் பிறக்கிறது என்று பஞ்சாங்கக்காரர் விரலை மடக்கிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு. பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் வாசலை முள்ளைப் போட்டு அடைத்துவிட்டு, ஆறு மாசத்துக்குக் குடித்தனக்காரர்கள் வேறு எங்காவது போய் ஒண்டிக்கொள்ள வேண்டும். கல்யாணம் காட்சி என்று அந்த வீட்டில் மூச்சு விடக் கூடாது.

கௌரியம்மாளின் புருஷன் பக்தவச்சலம், தணிகாசலத்தின் அண்ணன். அவருடைய ஒரே மகள் தேவகிக்குத் தை மாசம் கல்யாணம் குறித்திருந்தது. மாப்பிள்ளைக்குப் பொதட்டூர்பேட்டையில் வீட்டோடு தறி. பெண்ணின் சித்தப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தெரிந்ததும் அவர்கள் வந்து பார்த்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் போதும், தையில் தாராளமாக நடத்தலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அடைப்பு விழுந்த வீட்டில் மட்டும் பெண் எடுக்கமாட்டோம் என்று அதே பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுப் போனார்கள். தேவகிக்கு ஏற்கனவே ஓர் இடம் நிச்சயமாகித் தட்டிப்போயிருந்தது. இதுவும் தட்டினால் அவளை ராசியில்லாதவள் என்று ஊர் ஒதுக்கிவிடும்.

தம்பி சாக வேண்டும் என்று பக்தவச்சலம் நினைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் சாக வேண்டும் என்றுதான் நினைத்தார். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். தம்பியின் பக்கத்தில் போய் நின்றால் அவருக்குக் கண் கலங்கியது. வெளியே வந்து வெயிலைப் பார்த்தால் வயிறு கலங்கியது.

ரத்தினம்மாளுக்கும் ஒரே பிள்ளை, நாகேந்திரன். அப்பனோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பட்டாளத்தில் சேர்ந்து பூனாவில் லாரி ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். அதற்கப்புறம் அப்பன் முகத்தை அவன் பார்க்கவில்லை. தந்தி கொடுத்ததும் புறப்பட்டுவிட்டதாகப் பதில் தந்தி வந்தது. ரேணிகுண்டாவில் மாறிச் சாயங்காலப் பாசஞ்சரில் வர வேண்டும். யுத்த காலத்தில் பாசஞ்சர் என்பது ஒரு நம்பிக்கைதான். பட்டாள ஸ்பெஷலுக்கு வழிவிட்டு எந்த ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது. நேரத்துக்கு வந்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும். வந்ததில்லை. அவன் வருகிறவரைக்கும் இந்த மூச்சு நிற்காமல் இருந்தால் போதும் என்பது ஒன்றுதான் அவளுக்குச் சாமியிடம் கேட்க மிச்சமிருந்தது. வீடே எதிர்ப்பக்கம் வேண்டிக்கொண்டிருந்தபோது தணிகை முருகன் யார் பேச்சைக் கேட்பான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

உயிர் இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஆசை பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மண்ணாசையாக இருக்கும் என்று கொல்லைமேட்டு மண்ணைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். பொன்னாசையாக இருக்கும் என்று தாலிக் குண்டை உரசிப் பாலில் கலந்து ஊற்றிப் பார்த்தார்கள். எல்லாம் கடைவாயில் வழிந்தது. மூச்சு மட்டும் போகவில்லை. அப்போதுதான் முந்தாநாள் அவர் கண்ணைத் திறக்காமல், தெளிவாக, "ஆப்புள சட்டில வெச்சாச்சா?" என்று கேட்டார். பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த கௌரியம்மாள் விசிறியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

"அடப்பாவி மனுசா, இதுக்காடா உசுர வெச்சிகினு கெடக்கற? நாக்கு ருசிடா உனுக்கு! ஆயுசு பூரா துரைக்கி ஆக்கிப் போட்டியே, நீ ஒரு வாய் துன்னியா?" என்று சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

அதில் பாதி உண்மைதான். படுக்கையாகி அண்ணன் வீட்டுக்கு வருகிறவரைக்கும் தணிகாசலம் அரக்கோணத்தில் ரயில்வே துரை ஒருத்தரின் பங்களாவில் சமையல்காரர். ஐப்பசி பிறந்தால் அங்கே ஆப்பிள் கூடையில் வந்து இறங்கும். துரைசானியின் ஊரில் அது இலை கொட்டுகிற காலமாம். குளிர் ஆரம்பித்ததும் வீட்டுக்கு வீடு ஆப்பிளை அடுப்பில் வைப்பார்களாம். இங்கே மழையும் கொசுவும்தான். ஆனாலும் அந்த மாசம் முழுக்கப் பங்களாவில் ஆப்பிளும் பட்டையும் வேகிற வாசனை இருந்தாக வேண்டும். ஒருநாள் வட்டமாக நறுக்கி ரொட்டித் தூளோடு அடுக்கி வைப்பார். ஒருநாள் மாவைத் தேய்த்து உள்ளே மூடி வைப்பார். ஒருநாள் முழுப் பழமாக. பங்களாவுக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கு விட்டிருந்த ஒற்றை அறையில்தான் ரத்தினம்மாள் குடித்தனம் செய்தாள். சமையல்கட்டு ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு சரி. மிச்சம் மீதி எதையும் தணிகாசலம் வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார். "எச்சி துன்ற பொழப்பு நமக்கு வாணாம்" என்பார். அவரும் தின்னமாட்டார்.

குடைந்த பழங்களுக்குள் வெல்லத் தூளும் வெண்ணெயும் ரெண்டு திராட்சையும் வைத்து, பட்டையை நுணுக்கித் தூவினாள். இரும்புச் சட்டியின் அடியில் ஆற்று மணல் பரப்பி, பழங்களைப் பித்தளைத் தட்டில் நிறுத்தி உள்ளே இறக்கினாள். மேலே மூடி போட்டு, மூடியின் மேல் தணல் வைக்க வேண்டும். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. அவள் மேலே நாலே நாலு கங்குகளை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடியில் இருந்த விறகையும் ஓசைப்படாமல் வெளியே இழுத்துவிட்டாள்.

பின்வாசல் வழியாகத் தேவகி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். குடத்தை இறக்கியவள் மூடியைப் பார்த்தாள். சாம்பல் பூத்துக்கொண்டிருந்த கங்குகளைப் பார்த்தாள். சின்னம்மா முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் சின்னம்மா" என்றாள் மெதுவாக.

"இன்னாத்த?"

"நீ மெதுவாவே பண்ணு. அண்ணன் வந்து பாக்கட்டும்."

"உங்கம்மா காதுல உழுந்தா கொன்னுடுவா."

"உழட்டும். எனுக்கு ஆவற நேரத்துல ஆவட்டும். ஆவாங்காட்டி போவட்டும். சித்தப்பா மூஞ்சிய அண்ணன் பாக்காத போனா நீ தாங்கமாட்ட."

அதைச் சொல்லிவிட்டு அவள் கொல்லைப்புறம் போய், காலையில் பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்க ஆரம்பித்தாள். துடைப்பச் சத்தம் வேகமாகக் கேட்டது. கௌரியம்மாளுக்குப் பால் கட்டிக்கொண்டபோது, நாகேந்திரனோடு சேர்த்து இந்தப் பெண்ணுக்கும் ரத்தினம்மாள்தான் பால் கொடுத்தாள். அந்த உரிமையில்கூடத் தேவகி எதையும் கேட்டதில்லை. இப்போதும் அவள் கேட்கவில்லை. கொடுத்துவிட்டுப் போனாள்.

கௌரியம்மாள் வந்தது அப்போதுதான். அடுப்பு அவளிடம் எதையும் மறைக்கவில்லை.

"இன்னாடி இது? இந்தத் தணலுக்கு அப்பளம்கூட வேவாதே!"

"ரொம்ப வெச்சா கருகிடும்க்கா."

"கருகட்டும். பொழுதப் பாத்தியா? மலை நெழல் கொளத்துப் பக்கம் வந்துடுச்சி." இடுக்கியை எடுத்து, அடுப்பிலிருந்த தணலையெல்லாம் வாரி மூடியின் மேல் குவித்தாள். விறகை உள்ளே தள்ளி ஊதினாள். ஊதிவிட்டு நிமிர்ந்தவள் ரத்தினம்மாளை நேராகப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "எனுக்கு மட்டும் நாகேந்திரன் வேத்தாளாடி? எனுக்கு இன்னா வழி இருக்குது, நீயே சொல்லு."

சட்டிக்குள் வெல்லம் உருகிச் சடசடக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

வாசனை முதலில் அடுப்படியை நிறைத்தது. பிறகு நடு அறைக்குப் போயிற்று, கூடத்துக்குப் போயிற்று. வாசலில் யுத்தம் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். வெண்ணெயும் பட்டையும் பழமும் கலந்த அந்த வாசனை அவர்களுக்குத் தெரிந்த எந்தப் பலகார வாசனையாகவும் இல்லை. நல்ல வாசனைதான். ஆனால் அது எதற்காக வருகிறது என்று தெரிந்திருந்ததால் ஒருவர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

பித்தளைத் தட்டோடு அவள் உள்ளே போனபோது அறைக்குள் உறவுக்காரர்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். தணிகாசலம் பாயில் மல்லாந்து கிடந்தார். முகம் வற்றி மூக்கு மட்டும் பெரிசாக இருந்தது. போர்வைக்குள் பாதங்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. ஒன்று மாற்றி ஒன்று, ஒன்று மாற்றி ஒன்று. நாலைந்து நாளாகவே அப்படித்தான்.

பக்தவச்சலம் தம்பியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "தணிகா, இதோ பாருடா. நீ கேட்டியே, ஆப்புளு. உம் பொண்டாட்டி பண்ணிகினு வந்துகீறா. வாயத் தொற."

கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, ரத்தினம்மாள் அவர் உதட்டருகே கொண்டுபோனாள். அந்தக் கரண்டியைக் கீழே போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போடவேண்டி வரவில்லை. தணிகாசலம் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பால், மண், பொன் எல்லாவற்றுக்கும் பேசாமல் திறந்த வாய் இதற்குத் திறக்கவில்லை. கௌரியம்மாள் தாடையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். கண் திறந்தது. தட்டைப் பார்த்தது. அப்புறம் எல்லோரையும் தாண்டி வாசல் பக்கம் பார்த்தது.

"வந்துட்டாங்களா?" என்றார்.



"யாரு? யாருடா வராங்க?" என்றார் பக்தவச்சலம். குரல் பிசிறியது.

"இன்னும் வரலியா?" கண் வாசலை விட்டு நகரவில்லை. "உக்காரட்டும்... அவசரப்படாத."

கௌரியம்மாள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். "எமதூதனுங்களப் பாக்கறாரு. வாசல்ல வந்து நின்னுட்டானுங்க" என்றாள் அடக்கமுடியாமல். வாசல் பக்கம் நின்றிருந்த இரண்டு பெண்கள் வழியை மறிக்கக் கூடாது என்பதுபோல விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வெளியே இருந்தவர்களும் எழுந்து நடைபாதையை விட்டுத் தள்ளி நின்றார்கள். எல்லோரும் வெறும் வாசலையே பார்த்தார்கள். ஒரு நாய் குறுக்கே போயிற்று. வேறு யாரும் வரவில்லை.

வெயில் ஓட்டுக் கூரைமேல் ஏறிவிட்டது. தணிகாசலத்தின் மூச்சு முன்போலவே இழுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் பலமாகக்கூட இருந்ததுபோல் தோன்றியது. பக்தவச்சலம் தம்பியின் தலையை மெல்லத் தலையணையில் இறக்கினார். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இனிமே ஒண்ணும் இல்ல. அந்த முள்ள எடுத்தாந்து வாசாண்ட போடச் சொல்லு" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனார். கௌரியம்மாளும் போனாள். உறவுக்காரர்கள், சுவரை எந்தப் பக்கம் இடிப்பது என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே ஒவ்வொருவராகக் கூடத்துக்கு நகர்ந்தார்கள்.

அறையில் ரத்தினம்மாள் தட்டோடு தனியாக இருந்தாள். மனசுக்குள் பாரம் இறங்கியதுபோல இருந்தது. அவர் தின்னவில்லை. போகமாட்டார். பிள்ளை வந்துவிடுவான். அதில் அவளுக்கு வந்த சந்தோஷத்தை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"மூடி வை. ஆறிடும்" என்றார் தணிகாசலம்.

அவள் குனிந்து பார்த்தாள். கண் இன்னும் வாசலிலேயே இருந்தது. போர்வைக்குள் பாதங்கள் மாறி மாறி அசைந்தன. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை பேர் நின்ற இடத்தில் யாருக்கும் விளங்காதது, ஜன்னலில் நின்று வருஷக்கணக்காகப் பார்த்தவளுக்கு விளங்கியது. அவர் தின்பதற்காகக் கேட்கவில்லை. எமனையும் பார்க்கவில்லை. அவர் பங்களாச் சாப்பாட்டு அறையின் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் சட்டியைத் திறக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். தட்டில் வைத்துவிட்டுக் கதவோரம் போய் நிற்பார். நன்றாக இருக்கிறதா என்று கேட்கமாட்டார். தட்டு காலியாகிறதா என்று பார்ப்பார். கடைசித் தட்டு காலியான பிறகுதான் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு பின்பக்கம் வருவார். எத்தனை நேரமானாலும் அதுவரைக்கும் உட்காரமாட்டார். கால் கடுக்கிறதென்று ஒன்று மாற்றி ஒன்றில் நிற்பார்.

யாராவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

இது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் இருந்தால் போதும். பிள்ளை வரும்வரைக்கும் அவர் இப்படியே நின்றுகொண்டிருப்பார். பிள்ளையே அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடலாம். அப்பன் செய்ததை அப்பன் முன்னால் பிள்ளை சாப்பிட்டதே இல்லை. அவள் அதை நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே தித்திப்பாக இருந்தது. பாசஞ்சர் வரலாம், வராமல் காலையிலும் வரலாம். அதுவரைக்கும் அவர் நிற்க வேண்டும். வாசல் பக்கம் ஏதோ தரதரவென்று இழுபட்டது. முள்ளைக் கொண்டுவந்து போடுகிறார்கள். கொல்லைப்புறத்தில் துடைப்பச் சத்தம் நின்றிருந்தது. தேவகி எங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ரத்தினம்மாளுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

அவள் எழுந்து அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். வந்து அவர் கண்ணுக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டை முன்னால் வைத்துக்கொண்டாள்.

"வந்து உக்காந்துட்டேன்" என்றாள். "போடுங்க."

அவர் பார்வை வாசலிலிருந்து திரும்பி அவளிடம் வந்தது. அவளைத் தெரிந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தட்டைத் தெரிந்தது. அவள் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். பழம் இன்னும் சூடாக இருந்தது. தோல் விட்டு, உள்ளே வெண்ணெயாக வெந்திருந்தது. இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இந்த நேரத்தில் நாக்குக்கு ருசி தெரிகிறதே என்று அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் இதை எனக்கு ஒரு தடவை கொண்டுவந்து கொடுக்கக் கூடாதா என்று கோபம்கூட வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள். கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் போய்வந்தது. அவர் கண்ணும் கூடவே போய்வந்தது.

ஒரே ஒரு வாய் மிச்சமிருந்தபோது கை நின்றுவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் கேட்டாள். காற்றுச் சத்தம்தான் கேட்டது. தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். மறுபடியும் கேட்டாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைக்குள் பாதம் மாறியது. இன்னொரு தடவை மாறியது. எத்தனை களைப்பு அந்தக் கால்களுக்கு. ரத்தினம்மாள் கடைசி வாயை எடுத்து விழுங்கினாள். வெல்லப் பாகையும் விரலால் வழித்து நக்கிவிட்டுத் தட்டைச் சாய்த்துக் காட்டினாள்.

"ஆச்சி. எல்லாரும் எழுந்துட்டாங்க. நீங்களும் போய்ப் படுங்க" என்றாள்.

பாதங்கள் நின்றன. மூச்சு ஒரு தடவை இழுத்தது. நின்று யோசித்தது. அவள் காத்திருந்தாள். அடுத்தது வரவில்லை.

தட்டைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு அவள் கதவைத் திறந்தாள். "பாவா" என்று புருஷனின் அண்ணனைக் கூப்பிட்டாள். பக்தவச்சலம் அந்தக் குரலிலேயே தெரிந்துகொண்டு ஓடிவந்தார். தம்பியின் மார்பில் விழுந்து, "என்ன உட்டுட்டுப் போயிட்டியேடா தணிகா" என்று அலறினார். அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை. கௌரியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். தேவகி ஓடிவந்து நிலைப்படியில் நின்றவள், சித்தப்பாவைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள், அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வாசலில் கிடந்த முள்கட்டை யாரோ அவசரமாக இழுத்துக்கொண்டு போனார்கள். சந்திலிருந்து மூங்கிலைத் தூக்கிவருகிற சத்தம் கேட்டது.

"அவிட்டத்துக்கு முன்னாடியே போயிட்டாரு. புண்ணிய ஆத்மா" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். மலைமேல் சாயங்கால மணி அடித்தது. தேவகி எழுந்து போய், தலைமாட்டில் வைக்கக் காமாட்சி விளக்கை ஏற்றிக் கொண்டுவந்தாள்.

விளக்கு நின்று எரிய ஆரம்பிப்பதற்குள் ரயில் ஊதியது. அன்றைக்கென்று பார்த்துப் பாசஞ்சர் நேரத்துக்கு வந்துவிட்டது.

ரத்தினம்மாள் எழுந்திருக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஓடிவருகிற தூரம் அவளுக்குத் தெரியும். பெண்கள் கட்டிப்பிடித்து அழுத நடுவில் அவள் மட்டும் அழாமல் அந்தத் தூரத்தை மனசுக்குள் கூடவே நடந்தாள். பஜார், குளக்கரை, தெருமுனை. வாசலில் அழுகை சட்டென்று உயர்ந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாகேந்திரன் காக்கி உடுப்போடு, தோளில் மூட்டையோடு, நிலைப்படியில் நின்றான். கறுத்து, பெரிய ஆளாகியிருந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தான்.

"நைனா எப்போ...?" என்றான்.

"இப்பதாண்டா கண்ணு. இந்த வெளக்கு வெக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றாள் கௌரியம்மாள். "நீ பாக்கக் குடுத்து வெக்கல."

அவன் அம்மாவிடம் தவழ்ந்து வந்தான். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். அவள் கண் திறக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவள் கன்னத்தில், வாயோரம், ஈரம் மினுங்கியது. கண்ணீர் என்று நினைத்து அவன் கட்டைவிரலால் அதைத் துடைத்தான். விரல் ஒட்டியது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிரித்தான். பாகு நூலாக நீண்டது.

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் விரலைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.